14,500 ரூபாவுக்கு ஒரு சேட் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் விசுவமடுவில் இருக்கிறேன். கிளிநொச்சியில் ஒரு வங்கியில் வேலை கிடைத்து சில மாதங்கள்தான். நீளக்கைச் சேட்டும் ரையும் கட்டாயம். மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறேன். வேலைக்கு என்று 4,500 ரூபாப் படி நாலு சேட் வாங்கினேன். அதற்குள் இரண்டில் கொலர் கொப்பளம் போட்டுவிட்டது. ஒன்று கமக்கட்டில் மஞ்சளடித்துவிட்டது. போன மாதம் பயிற்சிக்குக் கொழும்பு போனபோது ஒரு கடையில் 14,500 ரூபாவுக்கு வெள்ளைச் சேட் ஒன்று காட்டினார்கள். '100 நம்பர் நூல், எகிப்துப் பருத்தி, அயன் பண்ணவே தேவையில்லை' என்றார்கள். தொட்டுப் பார்த்ததில் இருந்து அதே நினைப்பு. கனடாவில் இருக்கும் மாமா, 'நாலு மலிவுச் சேட்டுக்குப் பதில் ஒரு நல்ல சேட் எடு, பத்து வருசம் உழைக்கும்' என்கிறார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை, 'எல்லாம் ஒரே மெசினில் தைக்கிறதுதான், லேபலுக்குத்தான் காசு' என்கிறாள். யார் சொல்வது சரி? மாமா ஆடியில் வருகிறார். அங்கிருந்து இரண்டு வாங்கிவரச் சொல்லலாமா?

பதில்: தம்பி, தையற்காரன் என்ற முறையில் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சேட்டை அன்றாட வேலைக்கு வாங்க வேண்டாம். உங்களுக்குத் தேவை நடுத்தர விலையில் நல்ல பருத்தித் துணி, உங்கள் உடம்பில் எடுத்த அளவு, அதே துணியில் வெட்டி எடுத்து வைத்த இன்னொரு கொலரும் ஒரு சோடி கைப்பட்டியும். இந்த மூன்றும் இருந்தால் 14,500 ரூபாச் சேட்டை விட நன்றாகவும் இருக்கும், நெடுநாள் உழைக்கவும் செய்யும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மாமாவும் தங்கையும் ஆளுக்குப் பாதி சரி.

சந்தைக்கரையில் கம்பியில் தொங்குகிற மிக மலிவான சேட்டுக்கும் நீங்கள் வாங்கிய 4,500 ரூபாச் சேட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உண்மையான வித்தியாசம்தான். துணி நிறைவாக இருக்கும், தையல் நெருக்கமாக இருக்கும், தோய்த்தால் கோணாது. அந்த அளவுக்குக் காசு கூடக் கொடுத்தால் உழைப்பும் கூடும். ஆனால் அதற்கு மேலே போகப் போக நீங்கள் காசு கொடுப்பது உழைப்புக்கு அல்ல, மென்மைக்கு. இது கடைக்காரர் சொல்லித் தராத விசயம்.

கடையில் சொன்ன '100 நம்பர்' என்ன என்று பாருங்கள். இது பழைய ஆங்கிலேயப் பருத்திக் கணக்கு. 840 யார் நீளமான நூற்கழிகள் எத்தனை சேர்ந்தால் ஒரு இறாத்தல் நிறை வருமோ அதுதான் நூலின் நம்பர். 40 நம்பர் என்றால் ஒரு இறாத்தல் பருத்தியில் 33,600 யார் நூல். ஏறக்குறைய 31 கிலோமீற்றர். கிளிநொச்சியில் ஒரு நுனியைக் கட்டினால் மற்ற நுனி மாங்குளத்துக்குக் கிட்டப் போகும். 100 நம்பர் என்றால் அதே ஒரு இறாத்தலில் 84,000 யார். 77 கிலோமீற்றர் அளவு, வவுனியாவை எட்டிவிடும். அவ்வளவு மெல்லிசாக இழுத்த நூலில் நெய்த துணி தொட்டால் பட்டுப்போல இருக்கத்தான் செய்யும். உங்கள் கை பொய் சொல்லவில்லை. ஆனால் மெல்லிய நூல் உரசலுக்குத் தாங்காது, சீக்கிரம் கசங்கும். குளிரூட்டிய காரில் போய், குளிரூட்டிய அறையில் இருந்து, திரும்பவும் காரில் வருகிறவருக்கு அது போதும். தோளில் பை மாட்டி, ஹெல்மெட் நாடா கொலரில் உரச, விசுவமடுவில் இருந்து தர்மபுரம், பரந்தன் தாண்டி வருகிற உங்களுக்கு அது போதாது.

இதிலே இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும்: அது ஒற்றை நூலா, இரட்டை முறுக்கா? இரண்டு 100 நம்பர் நூலைச் சேர்த்து முறுக்கினால் தடிப்பில் அது 50 நம்பர் ஒற்றை நூலுக்குச் சமம். ஆனால் அதைவிட மழமழப்பாகவும் பலமாகவும் இருக்கும். உண்மையான உயர்தரச் சேட்டுத் துணிகள் பெரும்பாலும் இரட்டை முறுக்குத்தான். ஒற்றை 100 நம்பரை '100' என்று மட்டும் சொல்லி விற்கலாம், பொய்யும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கடையில் இருப்பவருக்கு இதற்கு விடை தெரியவில்லை என்றால், அந்த நம்பருக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

எகிப்துப் பருத்தி என்ற சொல்லிலும் கவனம். பருத்தியில் முக்கியம் இழையின் நீளம். ஏறக்குறைய 35 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் நீளமான இழை உள்ளதைத்தான் அதிநீள இழைப் பருத்தி என்பார்கள். இழை நீண்டால் நூலில் இருந்து வெளியே துருத்தும் நுனிகள் குறையும். நுனி குறைந்தால் துணியில் பொருக்குப் பொருக்காக உருண்டை பிடிக்காது. எகிப்தின் கீசா இனங்களில் சில அப்படிப்பட்டவை. அமெரிக்காவிலும் பெருவிலும் விளைகிற பீமா, கோயம்புத்தூரில் 1970களில் உருவாக்கிய சுவின் எல்லாம் அந்த வகைதான். ஆனால் எகிப்தில் விளைகிற எல்லாப் பருத்தியும் அந்தத் தரம் இல்லை. எகிப்துப் பருத்தி என்று எழுதியதெல்லாம் எகிப்தில் விளைந்ததும் இல்லை. 2016இல் அமெரிக்காவின் பெரிய கடைச்சங்கிலி ஒன்று, எகிப்துப் பருத்தி என்று விற்ற படுக்கை விரிப்புகளில் வேறு பருத்தி இருந்ததைக் கண்டுபிடித்து, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. அத்தனை பெரிய கடைக்கே தெரியாமல் போனது, லேபலைப் பார்த்து உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரியும்?

மூன்றாவது சொல், 'அயன் தேவையில்லை'. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பருத்தி கசங்காமல் இருக்க வேண்டும் என்றால் அதன் இழைகளை ஒருவகைப் பிசின் மருந்தால் ஒன்றோடொன்று பிணைத்து, சூடேற்றி இறுக்குவார்கள். பெரும்பாலும் போமல்டிஹைட் சார்ந்த மருந்து. அது கசங்கலைக் குறைக்கும், உண்மை. ஆனால் பருத்தியின் பலத்தையும் குறைக்கும். மடிப்பு விளிம்புகளில் இழை முறியத் தொடங்கும். வியர்வையை உறிஞ்சுகிற குணமும் மங்கும். மென்மைக்காக 100 நம்பர் நூலுக்குக் காசு கொடுத்துவிட்டு, அதன்மேல் அந்த மருந்தையும் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் பரந்தன் வெயிலில் அந்தச் சேட்டோடு நின்று பாருங்கள், முதுகில் ஒட்டும்.

இனித் தங்கையின் பக்கம். அவர் சொல்வதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. கடை விலையில் தைத்த கைக்குப் போவது மிகச் சிறிய பங்கு. ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில், இந்தக் கிழமை ஒரு நிறுவனத்துக்கும் அடுத்த கிழமை இன்னொரு நிறுவனத்துக்கும் தைப்பதும் நடக்கிறதுதான். ஆனால் மெசின் ஒன்று என்பதால் சேட் ஒன்றாகாது. துணி வேறு, கொலருக்குள் வைக்கிற கன்வஸ் வேறு, ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று கொடுத்த கட்டளை வேறு. நெருக்கமாகத் தைக்க நேரம் கூடும், தொழிற்சாலையில் நேரம்தான் காசு. தங்கையிடமே கேளுங்கள், ஒரு பக்கத் தையலை இரட்டை ஊசி மெசினில் ஒரே ஓட்டத்தில் முடிப்பதற்கும், ஒற்றை ஊசியில் இரண்டு தரம் மடித்துத் தைப்பதற்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று. அவர் என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

நீங்களே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். உங்களிடம் இருக்கிற சேட் ஒன்றை உள்பக்கம் வெளியே திருப்பி, கமக்கட்டில் இருந்து இடுப்பு வரை ஓடும் தையலை வெளிச்சத்தில் பிடியுங்கள். அளவு நாடாவை வைத்து ஒரு அங்குலத்துக்குள் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் அவசரத் தையல். 14, 16 என்றால் நல்ல தையல். 20 தாண்டினால் உயர்தரம், அதற்குத் துணியும் நன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசித்துளைகளே துணியைக் கிழித்துவிடும். பிறகு அந்தத் தையல் நெடுக துணி சுருக்கு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தோய்த்த பிறகு துணி ஒரு மாதிரியும் நூல் இன்னொரு மாதிரியும் சுருங்கினால் அந்த அலையலையான சுருக்கு வரும். எத்தனை தரம் அயன் பண்ணினாலும் போகாது.

இனிக் கொலர். சேட்டின் ஆயுள் கொலரில்தான் இருக்கிறது. நான் கடையில் கழித்துப் போடுவதைப் பார்த்த சேட்டுகளில் உடம்புத் துணி கிழிந்து போனது அபூர்வம். முதுகு நன்றாக இருக்கும், கை நன்றாக இருக்கும், கொலர் மடிகிற விளிம்பு மட்டும் தும்பு தும்பாகப் போயிருக்கும். ரை கட்டி, அன்றாடம் சவரம் செய்கிற ஆளுக்கு, மாலையில் முளைக்கிற மயிர் அந்த விளிம்பை அரத்தைப்போல அராவிக்கொண்டே இருக்கும். அதோடு வியர்வை, செம்மண் புழுதி, பிறகு அதைப் போக்கத் தோய்க்கிற கல்லில் வைத்துப் பிரசால் தேய்க்கிற தேய்ப்பு. 4,500 ரூபாக் கொலரும் 14,500 ரூபாக் கொலரும் இதற்கு முன்னால் ஒன்றுதான். சொல்லப்போனால் மெல்லிய நூல் என்பதால் விலை கூடியதுதான் முந்திப் போகும்.

உங்கள் இரண்டு சேட்டில் வந்த கொப்பளம் வேறு கதை. கொலருக்குள்ளே இருக்கிற கன்வசில் பசைப் புள்ளிகள் இருக்கும். சூடான அழுத்தியில் வைத்து அதை மேல்துணியோடு ஒட்டிவிடுவார்கள். மேல்துணி தண்ணீரில் சுருங்கி, கன்வஸ் சுருங்காவிட்டால், அல்லது அயனைக் கூடின சூட்டில் வைத்துத் தேய்த்தால், பசை விட்டு அங்கங்கே காற்றுப் பிடித்தது போல எழும்பும். விலை கூடின சேட்டிலும் பெரும்பாலும் ஒட்டுக் கன்வஸ்தான். நல்ல ஒட்டு, மலிவு ஒட்டு என்ற வித்தியாசம் மட்டுமே. ஒட்டாமல் வெறுமனே வைத்துத் தைக்கிற கன்வசும் இருக்கிறது. அதில் கொப்பளமே வராது, கழுத்துக்கும் இதமாக இருக்கும். மட்டமாக அயன் பண்ணக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கடையில் சேட் பார்க்கும்போது கொலரின் மேல் துணியையும் கீழ்த் துணியையும் இரு கைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். உள்ளே தனியாக ஒன்று வழுக்கினால் தைத்த கன்வஸ். எல்லாம் ஒரே தகடாக நின்றால் ஒட்டியது.

இதனால்தான் கூடுதல் கொலர் என்று சொன்னேன். தைக்கக் கொடுக்கும்போதே அதே துணியில் ஒரு கொலரும் ஒரு சோடி கைப்பட்டியும் வெட்டி எடுத்து, துணியோடு ஒரு தரம் தோய்த்து, பையில் போட்டு வையுங்கள். விளிம்பு தும்பு விட்டதும் பழையதைப் பிரித்துவிட்டுப் புதியதை வைத்துத் தைக்கலாம். இலண்டனிலும் பாரிசிலும் பெரிய விலைக்குச் சேட் தைக்கிற பழைய கடைகள் இன்றும் தங்கள் வாடிக்கையாளருக்கு இதைத்தான் செய்து கொடுக்கின்றன. நம்மூர் தையற்காரருக்கும் இது தெரியாத வேலை அல்ல. முன்பெல்லாம் கொலர் தேய்ந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பது எல்லாத் தையல் கடையிலும் நடந்த வேலை. இப்போது யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் செய்வதில்லை. நீங்கள் கேளுங்கள்.

அளவு என்று சொன்னேனே, அது துணியைவிட முக்கியம். 2010இல் மக்கள் திரும்பி வந்து குடியேறிய காலத்தில் என்னிடம் வந்த வேலை பெரும்பாலும் நிவாரணத்தில் கிடைத்த சேட்டுகளைச் சிறிதாக்குவதுதான். யாரோ பெரிய உடம்புக்காரர் போட்ட சேட்டுகள், இங்கே வந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். தோளைப் பிரித்து உள்ளே எடுத்து, பக்கத்தை இறுக்கி, கையைக் குறைத்துக் கொடுத்தால், அதே சேட்டைப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பார். அது எந்த நாட்டுத் துணி, எத்தனை நம்பர் நூல் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவருக்குச் சேட் அழகாக இருப்பது அளவால்தான் என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வது அந்தக் காலத்தைப் பார்த்ததால்.

ஆயத்தச் சேட் கழுத்து அளவை வைத்துத்தான் மற்ற எல்லா அளவையும் ஊகிக்கிறது. மெலிந்து, தோள் மட்டும் அகன்ற பெடியன்களுக்கு அந்த ஊகம் பிழைக்கும். கழுத்துக்குப் பார்த்தால் இடுப்பில் கூடாரம், இடுப்புக்குப் பார்த்தால் தோளில் இழுபறி. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் வந்து முடிய வேண்டும், கீழே கையில் தொங்கக்கூடாது. மேல் தெறியைப் பூட்டினால் கொலருக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். கையை நீட்டி மோட்டார் சைக்கிள் பிடியைப் பிடிப்பது போல வைத்தால் கைப்பட்டி மணிக்கட்டைவிட்டு மேலே ஏறக்கூடாது. உங்களுக்கு இது முக்கியம், அதனால் அளவு எடுக்கும்போது அப்படியே கையை நீட்டிக் காட்டுங்கள்.

துணி வாங்கப் புடவைக்கடைக்குப் போகும்போது 100 வீதம் பருத்தியா என்று கேளுங்கள். 50 நம்பர் போதும், 80 நம்பர் இரட்டை முறுக்குக் கிடைத்தால் மிக நல்லது. நெசவில் சாய்வரி விழுந்த ட்வில் கசங்கலை மறைக்கும். ஒக்ஸ்போட் தடித்தது, உழைக்கும், ஆனால் ரையோடு வங்கிக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். பொப்ளின் உங்களுக்குச் சரியான பொதுத் துணி. பொலியெஸ்டர் கலந்த துணி மலிவு, கசங்காது, கிழியவும் கிழியாது. ஆனால் நம்முடைய வெக்கைக்கு அது தண்டனை. 58 அங்குல அகலத் துணியில் நீளக்கைச் சேட்டுக்கு 1.75 மீற்றர் அளவில் வரும். கூடுதல் கொலருக்கும் கைப்பட்டிக்கும் கால் மீற்றர் சேர்த்து இரண்டு மீற்றராக எடுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்துக் கொடுக்கவேண்டும். ஆலையிலேயே சுருக்கி எடுத்த துணி என்று சொன்னாலும் விடாதீர்கள். ஊறவைக்காமல் வெட்டினால், மூன்றாம் தோய்ப்பில் கொலர் இறுகும்.

தெறி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை கூடின சேட்டில் சிப்பித் தெறி இருக்கும், உதட்டில் வைத்தால் குளிரும். அழகானதுதான். மன்னார்க் கடல் முத்துச் சிப்பிக்குப் பேர்போனது என்றாலும் தெறி வெட்டுவது அதைவிட ஓடு தடித்த வேறு சிப்பி, சங்கு இனங்களில். கல்லில் அடித்துத் தோய்த்தால் உடையும். உங்களுக்குச் சாதாரணத் தெறி போதும், கழுத்தடியில் நூல் சுற்றித் தைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கணக்கையும் பார்ப்போம். அந்த ஒரு சேட்டின் விலை உங்கள் ஒரு சேட்டின் விலையைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூட. அப்படியென்றால் அது மூன்று மடங்கு நாள் உழைத்தால்தான் காசுக்குக் கணக்கு ஒத்துவரும். மேலே சொன்ன காரணங்களால் அது உழைக்காது. அதுபோக, வேலைக்குப் போகிற ஐந்து நாளுக்கும் ஐந்து சேட் வேண்டும். ஒரே சேட்டைத் திரும்பத் திரும்பத் தோய்த்துப் போட்டால் எந்த உயர்தரத் துணியும் ஒரு வருடம் தாங்காது. ஐந்தாகச் சுற்றினால் ஒவ்வொன்றும் கிழமைக்கு ஒரு நாள்தான் வேலை செய்யும். மாமா சொல்கிற பத்து வருடம், வருடத்தில் இரண்டு மூன்று தரம் போடுகிற சேட்டுக்குத்தான் பொருந்தும்.

இனி மஞ்சள். உங்கள் சேட்டை மஞ்சளாக்கியது வியர்வை மட்டும் அல்ல. கமக்கட்டில் பூசுகிற வியர்வை தடுப்பானில் அலுமினிய உப்பு இருக்கிறது. அதுவும் வியர்வையும் சேர்ந்து துணியில் பிடித்துக்கொள்ளும், நாளாக ஆக மஞ்சளாகி விறைக்கும். பூசினால் நன்றாகக் காய்ந்த பிறகு சேட்டைப் போடுங்கள். உள்ளே ஒரு பருத்தி பெனியன் போடுங்கள், வெக்கை என்று நினைக்காதீர்கள், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் சேட்டைத் தண்ணீரில் போடுங்கள். சனிக்கிழமை வரை குவித்து வைத்தால், சேட்டுக்குச் செய்கிற பெரிய கெடுதல் அதுதான். மஞ்சள் பிடித்த இடத்தை, ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிறகு சவர்க்காரத் தூளில் தோய்த்துப் பாருங்கள். புதுக் கறை போகும், பழையது மங்கும்.

வெளுப்பதற்கு என்று குளோரின் ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. செய்யாதீர்கள். வியர்வைக் கறையில் அது மஞ்சளைக் கூட்டும். அதைவிட முக்கியம், வன்னியில் பல கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீரை வெள்ளை வாளியில் ஒரு இரவு விட்டுப் பாருங்கள். அடியில் செம்மஞ்சளாக மண்டி இருந்தால் இரும்புதான். அந்தத் தண்ணீரில் குளோரின் விட்டால் கரைந்திருக்கிற இரும்பு முழுக்கத் துருவாகி வெள்ளைச் சேட்டில் போய் உட்காரும், பிறகு எடுப்பது மிகக் கடினம். வினாகிரியையும் குளோரினையும் ஒன்றாகக் கலப்பதோ ஆபத்து, மூச்சை அடைக்கிற நச்சு வாயு வரும். தண்ணீரைத் தெளியவிட்டு மேல்தண்ணீரில் தோயுங்கள், மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் வெள்ளைச் சேட்டுக்கு அதைப்போல ஒன்றுமில்லை. உவர்ப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, சாம்பல் நிறப் படலமாகத் துணியில் ஒட்டும். அதற்குத் தூள் அல்லது திரவம் நல்லது. கொலர் அழுக்குக்குப் பிரசு வேண்டாம். சவர்க்காரம் தடவிப் பத்து நிமிடம் விட்டு, துணியைத் துணியோடு கசக்குங்கள். உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயவிடுங்கள், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணுங்கள். இவ்வளவும் செய்தால் இப்போது இருக்கிற நாலு சேட்டில் நல்லதாக மிஞ்சியதே இன்னும் நெடுநாள் வரும். கொப்பளம் போட்ட இரண்டையும் எறியவேண்டாம், கொலரை மாற்றலாமா என்று ஒரு தையற்காரரிடம் காட்டுங்கள். பொருத்தமான வெள்ளைத் துணி கிடைத்தால் மாற்றிவிடலாம், ரை கட்டினால் வித்தியாசம் தெரியாது.

விலை கூடின சேட் ஒருநாளும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல துணி நல்ல துணிதான். நாற்பது வருடம் ஊசி பிடித்தவனுக்கும் நல்ல இரட்டை முறுக்குப் பொப்ளினைத் தொட்டால் மனம் நிறையும். உங்களுக்குக் கல்யாணம் எழுத்து என்று வரும்போது, பதவி உயர்வு நேர்முகத்துக்குப் போகும்போது போட ஒரு வெள்ளைச் சேட் அலுமாரியில் இருக்கட்டும். அதைத்தான் மாமாவிடம் கேளுங்கள், இரண்டு வேண்டாம், ஒன்று. அன்றாடச் சேட்டுக்கான காசை இங்கே துணிக்கும் கூலிக்கும் போடுங்கள்.

மாமாவுக்கு 'எல்' என்றோ 'மீடியம்' என்றோ எழுதாதீர்கள். அங்கே நல்ல சேட்டுகளைக் கழுத்து, கை என்று இரண்டு அளவில், அங்குலத்தில் விற்பார்கள். கழுத்து அளவுக்கு, உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற சேட் ஒன்றின் கொலரை விரித்து மேசையில் மட்டமாக வைத்து, தெறியின் நடுவில் இருந்து மற்றப்பக்கத் தெறித்துளையின் வெளி முனை வரை அளவுங்கள். கை அளவுக்குப் பின்கழுத்தின் நடு எலும்பில் நாடாவை வைத்து, தோளுக்கு மேலால், கொஞ்சம் மடக்கிய முழங்கை வழியாக மணிக்கட்டு எலும்பு வரை தங்கையை அளக்கச் சொல்லுங்கள். உதாரணமாக 15½, 33 என்று வரும். அதோடு, ஒடுக்கமான வெட்டு, 100 வீதம் பருத்தி, 80 நம்பர் இரட்டை முறுக்கு, 'அயன் தேவையில்லை' என்று எழுதியது வேண்டாம் என்று நாலு சொல் எழுதி அனுப்புங்கள். கழுத்து அளவு இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் கூடியதை எடுக்கச் சொல்லுங்கள், முதல் தோய்ப்பில் கொஞ்சம் இறுகும். இடுப்புப் பெருத்தால் இங்கே பக்கத்தில் எடுத்துவிடலாம், கை நீண்டால் குறைத்துவிடலாம். கழுத்து சிறிதாக வந்தால் மாற்றுவதற்கு அந்தத் துணி என்னிடம் இருக்காது. ஆகவே அந்த ஒரு அளவை மட்டும் இரண்டு தரம் எடுத்துச் சரிபார்த்து அனுப்புங்கள்.